ஆரணி வட்டாரத்தில் தூபம், வேம்பு, மஞ்சள்: வீடு சுத்தி வழக்கங்கள்

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள நகரம். பட்டுச் சேலைக்கும் அரிசிக்கும் பெயர்பெற்றது. நகரிலும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய சுற்றுவட்டார ஊர்களிலும் கைத்தறிப் பட்டு நெசவு நடைபெறுகிறது. இவ்வட்டாரத்து வீடுகளில், தமிழ்நாட்டின் பிற பகுதிகளைப் போலவே, சாம்பிராணிப் புகை, வேப்பிலை, மஞ்சள் நீர், உப்பு, எலுமிச்சை, பூசணி, வசம்பு, திருநீறு ஆகியவற்றைக் கொண்டு வீட்டையும் மனிதரையும் தூய்மை செய்யும் வழக்கங்கள் உள்ளன. 'வீடு சுத்தி', 'திருஷ்டி கழித்தல்', 'தூபம் போடுதல்' என்று பல பெயர்களில் இவை வழங்குகின்றன.

இவ்வழக்கங்களில் 'தூய்மை' என்ற சொல் மூன்று பொருள்களைச் சேர்த்துச் சுமக்கிறது. பூச்சியும் அழுக்கும் நீங்குவது ஒன்று, நோய் நீங்குவது இன்னொன்று, கண்ணேறு நீங்குவது மற்றொன்று. மூன்றுக்கும் ஒரே கை, ஒரே பொருளைத்தான் எடுக்கிறது. வேப்பிலை துணிப்பெட்டியிலும் கிடக்கிறது, அம்மை கண்டவரின் படுக்கையிலும் கிடக்கிறது, அம்மன் கழுத்திலும் கிடக்கிறது. எந்த இடத்தில் அந்தப் பொருள் உண்மையில் வேலை செய்கிறது, எந்த இடத்தில் நம்பிக்கையாக நிற்கிறது, எந்த இடத்தில் தீங்கு செய்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்காவிட்டால், வழக்கத்தைக் கண்மூடிப் போற்றுவதும் கண்மூடித் தள்ளுவதும் ஆகிய இரண்டு தவறுகளில் ஒன்று நேர்ந்துவிடும்.

தறி இருக்கும் வீடு

கைத்தறி நெசவு பெரும்பாலும் வீட்டுத் தொழில். குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டைகளை மிதிக்கிறார். சமையல், குழந்தை வளர்ப்பு, பூசை ஆகியவை அதே கூரையின் கீழ் நடக்கின்றன. தறிக்குழி தாழ்வான இடம் என்பதால் அங்கே ஈரம் தங்கும். மழைக்காலத்தில் நீர் ஊறினால் வேலை நின்றுவிடும்.

தறியில் பூட்டிய பாவு சில ஆயிரம் பட்டு இழைகளால் ஆனது. கறைக்கு அது இடங்கொடாது. மஞ்சள் நீர்த்துளி, எண்ணெய்க் கை, கரித்தூசி எது பட்டாலும் சேலையின் மதிப்பு குறையும். கூலி சேலைக் கணக்கில் கிடைக்கும்போது அந்தக் குறை நெசவாளரின் வருமானத்தையே தொடுகிறது. ஜரிகையும் மென்மையானது. வெள்ளிச் சரிகை கந்தகம் கலந்த காற்றில் நாளடைவில் கறுக்கும். கனல் துண்டு தெறித்தால் பட்டு இழை கருகும். வீட்டைத் தூய்மை செய்யப் பயன்படும் புகை, தணல், மஞ்சள் நீர் ஆகிய மூன்றுமே தறியில் கிடக்கும் பொருளுக்கு ஆகாதவை என்பது இங்குள்ள விசித்திரம்.

சரஸ்வதி பூசை, ஆயுத பூசை நாளில் இது கண்கூடாகத் தெரியும். சந்தனமும் குங்குமமும் தறியின் மரச்சட்டத்துக்கும் கருவிகளுக்கும்தான் இடப்படும், நூலுக்கு அல்ல. நாடா, இராட்டை, அளவுகோல், கத்தரி எல்லாம் பூசையில் வைக்கப்படும். பொரியும் கடலையும் படைத்து, கற்பூரம் காட்டி, பூசணி உடைப்பது வழக்கம். கருவிக்கு அன்று ஓய்வு. மறுநாள் விஜயதசமியில் வேலை மீண்டும் தொடங்கும்.

பழைய சான்றுகள்

இலையும் புகையும் கொண்டு காவல் செய்வது தமிழில் மிகப் பழைய செய்தி. புறநானூற்றின் 281-ஆம் பாடல் அரிசில்கிழார் பாடியது. போரில் புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்க வீட்டில் வேப்பிலையும் இரவமரத் தழையும் செருகுவதையும், ஐயவி என்னும் வெண்சிறுகடுகைத் தூவுவதையும், மணி அடித்து, யாழ் மீட்டி, காஞ்சிப் பண் பாடி, நறுமணப் புகை எழுப்புவதையும் அது கூறுகிறது. 296-ஆம் பாடலில் ஐயவி புகைக்கப்படுகிறது. வேப்பங்கொத்தும் கடுகும் புகையும் ஒரே அறையில், ஒரு நோயாளியைச் சுற்றி வருவதை இப்பாடல்கள் காட்டுகின்றன. இன்று கடுகு, மிளகாய், உப்பு சுற்றித் தீயிலிடும் வழக்கத்துக்கு இதைவிடப் பழைய இலக்கியச் சான்று தேடுவது கடினம். அக்காலத்தில் இவை பேயிலிருந்து காப்பதற்கெனக் கருதப்பட்டன. புண்ணுள்ள இடத்தில் ஈயையும் பூச்சியையும் விலக்கும் பயனும் இவற்றுக்கு இருந்திருக்கலாம்.

அகில் புகையில் பெண்கள் கூந்தல் உலர்த்தியதையும் பழைய இலக்கியங்கள் பேசுகின்றன. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, கீழ்க்காற்றோடு வந்த கப்பல்கள் அகில், நேர்த்தியான ஆடை, சந்தனம், கற்பூரம் ஆகியவற்றைக் கொண்டுவந்ததைச் சொல்கிறது. நல்ல துணியும் நறும்புகைப் பொருளும் ஒரே கப்பலில் வந்த சரக்குகள்.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் குங்கிலியக் கலய நாயனார் வருகிறார். திருக்கடையூரில் சிவனுக்குக் குங்கிலியத் தூபம் இடுவதே இவருடைய தொண்டு. வறுமை முற்றியபோது, நெல் வாங்கி வர மனைவி தன் தாலியைக் கழற்றிக் கொடுக்கிறார். வழியில் குங்கிலிய மூட்டையோடு வரும் வணிகரைக் கண்டவர், நெல்லை மறந்து அதை வாங்கிவிடுகிறார். தூபப் பொருள் விலைமதிப்புள்ளதாகவும், எளிய வீட்டுக்கு எட்டாததாகவும் இருந்ததை இக்கதை குறிப்பால் உணர்த்துகிறது. பசித்திருந்த பிள்ளைகளின் நிலையை நினைத்தால் இன்றைய வாசகருக்கு இக்கதை சற்று உறுத்தவும் செய்யும். குங்கிலியம் என்ற பெயர் ஒரே மரத்துப் பிசினுக்கு உரியதன்று. மேற்குத் தொடர்ச்சி மலை மரங்களிலிருந்து கிடைக்கும் வெள்ளைக் குங்கிலியம், கருங்குங்கிலியம் உட்படப் பல பிசின்கள் இப்பெயரில் விற்கப்படுகின்றன.

படவேடு, ரேணுகை, வேம்பு

ஆரணிக்கு மேற்கே, ஜவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள படவேடு, சம்புவராயர்களின் தலைநகராக இருந்த ஊர். படைவீடு என்பதே பழைய பெயர். இங்குள்ள ரேணுகாம்பாள் கோயில் வட மாவட்டங்களின் பெரிய அம்மன் தலங்களுள் ஒன்று. ஆடி மாத வெள்ளிக்கிழமைகளில் பெருங்கூட்டம் கூடும். பொங்கலிட்டும், வேப்பிலை ஆடை உடுத்திக் கோயிலைச் சுற்றியும் நேர்த்திக்கடன் செலுத்துவர். திருவள்ளூர் மாவட்டத்துப் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலிலும் வேப்பிலை ஆடை நேர்த்திக்கடன் புகழ்பெற்றது.

இலையை ஆடையாக உடுத்துவதற்கு மரபில் ஒரு கதை காரணமாகச் சொல்லப்படுகிறது. ஜமதக்கினி முனிவரின் மனைவி ரேணுகை, கணவர் இறந்தபின் தீயில் இறங்குகிறாள். மழை பெய்து தீ அணைகிறது. உடலெங்கும் கொப்புளங்களோடு எழுந்தவள் வேப்பிலையைப் பறித்து உடலை மூடிக்கொள்கிறாள். பசியோடு அருகிலிருந்த குடியிருப்புக்குப் போகிறாள். அங்குள்ளோர் பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும் தருகின்றனர். அவளே மாரியம்மன் ஆனாள் என்பது கதை. அம்மைக் கொப்புளம், வேப்பிலை, குளிர்ச்சியான உணவு, மாவிளக்கு ஆகிய நான்கையும் இது ஒரே முடிச்சில் கட்டிவிடுகிறது. ஆரணியை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயரில் உள்ள 'கமண்டலம்' முனிவரின் நீர்க்கலத்தை நினைவூட்டுவதால், இவ்வட்டாரத்தில் கதையும் நிலமும் நெருங்கிக் கிடக்கின்றன.

படவேட்டில் பிரசாதமாகத் தரப்படும் திருநீறும் தனி வகை. திருநீறு பொதுவாகப் பசுஞ்சாண வரட்டியை எரித்துச் செய்யப்படுவது. படவேட்டுத் திருநீறோ, ஜமதக்கினி வேள்வி செய்ததாகச் சொல்லப்படும் இடத்தில் நிலத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுவது. எரிந்து முடிந்த ஒன்று காவல் பொருளாவது மாவட்டத் தலைநகரிலும் உண்டு. திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபக் கொப்பரையிலிருந்து எடுக்கப்படும் மை, ஆருத்திரா தரிசனத்தின்போது நடராசருக்கு இடப்பட்டு, பிறகு பக்தர்களுக்கு வழங்கப்படுகிறது.

அம்மை கண்ட வீடு

வேப்பிலையின் பயனும் எல்லையும் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் அம்மை கண்ட வீடு. வாசலில் வேப்பங்கொத்து செருகப்பட்டால், வெளியார் அவ்வீட்டுக்குள் நுழையமாட்டார்கள். வீட்டார் வெளியே விருந்துக்குப் போகமாட்டார்கள். தாளிப்பு, எண்ணெய்ப் பலகாரம் இல்லை. நோயாளி வேப்பிலை பரப்பிய தனிப் படுக்கையில் கிடப்பார். அரித்தால் நகத்தால் கீறாமல் வேப்பங்கொழுந்தால் தடவிக்கொள்வார். கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு, வெயிலில் வைத்துச் சூடேறிய மஞ்சள், வேப்பிலை நீரைத் 'தலைக்கு ஊற்றுவார்கள்'. பெரும்பாலும் ஒற்றைப்படை நாளில் இது நடக்கும்.

மருத்துவக் கண்ணில் பார்த்தால் இதில் பாதிக்கு மேல் பொருத்தமானது. சின்னம்மை பரப்பும் வைரசு, கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே தொற்றத் தொடங்கும். எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும்வரை தொற்றும். வாசல் வேப்பிலை ஓர் அறிவிப்புப் பலகையாகிறது. தலைக்கு ஊற்றும் நாள் தனிமை முடியும் நாளாகிறது. நகத்துக்குப் பதில் கொழுந்து என்பது புண் சீழ்பிடிப்பதைக் குறைக்கும். ஆனால் வைரசை அழிப்பது இலையன்று. தனிமையும் நோயாளியின் எதிர்ப்பாற்றலுமே அங்கே வேலை செய்கின்றன.

பெரியம்மையில் இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. எத்தனை வேம்பும் மஞ்சளும் இருந்தும் அது தலைமுறை தலைமுறையாகக் கொன்றது. அதை நிறுத்தியது தடுப்பூசி. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளிகள் கண்டறியப்பட்டது 1975-இல். 1980-இல் உலக சுகாதார நிறுவனம் நோய் ஒழிந்ததாக அறிவித்தது. சின்னம்மைக்கும் தடுப்பூசி உண்டு. அம்மைக்கு மருந்து சாப்பிடக்கூடாது என்ற எண்ணத்தால் மருத்துவரிடம் போகாமல் இருப்பதுதான் இன்று இவ்வழக்கத்தின் ஆபத்தான பகுதி. கைக்குழந்தை, கருவுற்ற பெண், முதியவர், நோய் எதிர்ப்பு குறைந்தவர் ஆகியோருக்குச் சின்னம்மை நுரையீரல் அழற்சி வரை போகலாம். தறி, அடுப்பு, ஏணை எல்லாம் ஒன்றிரண்டு அறைகளுக்குள் இருக்கும் வீட்டில் நோயாளியைத் தனித்து வைப்பதும் எளிதன்று.

2020-இல் கொரோனா பரவியபோது தமிழ்நாட்டின் பல ஊர்களில் தெரு முனைகளில் வேப்பிலைத் தோரணம் கட்டி, வாசலில் மஞ்சள் நீர் தெளித்தனர். அம்மை நோய்க்கான பழைய இலக்கணத்தை மக்கள் புது நோய்க்குப் பொருத்தினர். ஊரடங்கோடு அது இயல்பாகப் பொருந்தியும் போனது. மஞ்சள் நீர் மட்டும் வைரசைத் தடுத்ததற்குச் சான்று இல்லை.

சாம்பிராணி

செவ்வாய், வெள்ளி மாலைகளில் விளக்கேற்றிய பின் தூபக்காலில் தணல் எடுத்து, சாம்பிராணித் தூள் தூவி, பூசையறை தொடங்கி மூலை முடுக்கெல்லாம் காட்டுவது வழக்கம். சாம்பிராணி, ஸ்டைராக்ஸ் இன மரங்களின் பட்டையைக் கீறி எடுக்கும் பிசின். சுமத்திராத் தீவும் லாவோஸ், தாய்லாந்துப் பகுதிகளும் இதன் விளைநிலங்கள். ஆக, தமிழ் வீட்டின் மிக உள்ளார்ந்த மணம் கடல் கடந்து வந்தது. குந்துருக்கம், பறங்கிச் சாம்பிராணி என்பவை வேறு மரங்களின் பிசின்கள். கடையில் எல்லாம் அடுத்தடுத்த டப்பாக்களில் இருப்பதால் பெயர்கள் கலந்துவிடுகின்றன.

இது ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று. தேவாலயத்தில் தூபக்கலசம் ஆடுகிறது. தர்காவில் சாம்பிராணி புகைகிறது. தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் கையில் தூபக்கலயமும் மயிற்பீலியும் கொண்டு பக்கீர்கள் கடை கடையாகப் புகை காட்டிச் செல்வதும், இந்துக் கடைக்காரர்கள் கல்லாவைத் திறந்து அப்புகையை ஏற்றுக் காணிக்கை கொடுப்பதும் அன்றாடக் காட்சி.

வீட்டில் சாம்பிராணியின் இன்னொரு இடம் குழந்தையின் எண்ணெய்க் குளியல். தலைக்கு ஊற்றியபின் ஈரம் போக, சளி பிடிக்காதிருக்க, புகையின்மேல் குழந்தையைக் காட்டுவார்கள். பிரசவித்த பெண்ணின் கூந்தலும் இவ்வாறே உலர்த்தப்படும். மணத்தையும் இளஞ்சூட்டையும் யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகியது. எரியும் எந்தப் பொருளின் புகையிலும் நுண்துகள்கள் உண்டு. கரித்தணல் மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடை வெளியிடும், அதற்கு மணமில்லை. எனவே குழந்தை மருத்துவர்கள் பச்சிளங்குழந்தைக்குப் புகை காட்டுவதைத் தவிர்க்கச் சொல்கின்றனர். மெல்லிய பருத்தித் துணியால் தலையைத் துவட்டுவதே போதும். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

தூபக்காலும் கரித்தணலும் கேஸ் அடுப்பு வந்தபின் அரிதாகிவிட்டன. அவ்விடத்தை 'கம்ப்யூட்டர் சாம்பிராணி' பிடித்துக்கொண்டது. கரித்தூளையும் நறுமணப் பொருளையும் சேர்த்துக் கூம்பாகவோ குப்பியாகவோ அழுத்திச் செய்யப்படும் வில்லை இது. கணினிக்கும் இதற்கும் தொடர்பில்லை. புதுமை என்று காட்ட வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. இதில் பிசினின் பங்கு எவ்வளவு, செயற்கை மணத்தின் பங்கு எவ்வளவு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.

கற்பூரமும் மாறிய பொருள்தான். முன்பு மரத்திலிருந்து வடித்தது. இன்று கிடைப்பதில் மிகப் பெரும்பங்கு பைன் இன மரங்களின் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து ஆலையில் செய்யப்படுவது. எரிந்தால் சாம்பல் மிஞ்சாது என்பதே அதன் பெருமை, ஆனால் கரும்புகை மிஞ்சும். குழந்தை ஒரு வில்லையை விழுங்கினாலும் வலிப்பு வரக்கூடும். பூசைத்தட்டைக் கைக்கெட்டாத இடத்தில் வைப்பதற்கு அது ஒன்றே காரணமாகப் போதும்.

புகை கிருமியைக் கொல்லுமா?

இக்கேள்விக்கு இணையத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு. மூடிய அறையில் வேள்விக்கான மரமும் மூலிகைகளும் ஒரு மணி நேரம் எரிக்கப்பட்டபின் காற்றிலுள்ள பாக்டீரியா எண்ணிக்கை 94 விழுக்காடு குறைந்ததாக அது கூறியது. ஆய்வு உண்மையானதே. அதிலிருந்து எடுக்கப்படும் முடிவுகள்தான் பெரும்பாலும் மிகையானவை. அளக்கப்பட்டது காற்றில் மிதக்கும் பாக்டீரியா. வைரசைப் பற்றியோ, அந்த அறையில் இருந்தவர்களுக்கு நோய் குறைந்ததா என்பதைப் பற்றியோ அது பேசவில்லை. கிருமியை ஒடுக்கும் அளவு அடர்ந்த புகை நுரையீரலையும் சும்மா விடாது. கொசுவையும் பூச்சியையும் சிறிது நேரம் விரட்ட மெல்லிய புகை உதவும். அதற்குமேல் எதிர்பார்க்க இதுவரை வலுவான காரணம் இல்லை.

புகையிட்டபின் சன்னல், கதவுகளைத் திறந்துவைப்பது எளிய பாதுகாப்பு. கெட்டது வெளியே போக வேண்டும் என்பதற்காகப் பின்கட்டிலிருந்து வாசலை நோக்கித் தூபம் கொண்டுவரும் வீடுகளில் இது தானாகவே நடந்துவிடுகிறது.

கண்ணேறு கழித்தல்

'கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது' என்பது பழமொழி. புது வீடு, புது வண்டி, புதுமணத் தம்பதி, கொழுத்த குழந்தை, நன்றாக ஓடும் கடை எல்லாம் கண்ணேறுக்கு இலக்கு. அதாவது, பிறர் பார்த்து ஏங்கக்கூடியது எதுவோ அதுவே ஆபத்தில் இருக்கிறது.

மிக எளிய முறை உப்பும் மிளகாயும். கல்லுப்பு, காய்ந்த மிளகாய், கடுகு, சில வீடுகளில் தெருமண்ணும் சேர்த்துக் கையில் மூடி, பாட்டியோ அத்தையோ மூன்று முறை வலமும் இடமும் சுற்றி, துப்பச் சொல்லி, அடுப்பில் போடுவார்கள். மிளகாய் நெடி வராவிட்டால் கண்ணேறு கடுமையாக இருந்தது என்று பொருள். நெடி வந்தால் ஒன்றுமில்லை. உண்மையில் நெடி எழுவதும் எழாததும் தணலின் சூடு, காற்றின் போக்கு, மிளகாயின் காரம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஆனாலும் இச்சடங்கில் சோர்ந்த பிள்ளையை எதிரே உட்காரவைத்து, பெரியவர் ஒருவர் தன் முழுக் கவனத்தையும் சில நிமிடம் அதன்மேல் வைக்கிறார். குழந்தை தேறிவிட்டதாகத் தோன்றுவதில் அதற்கும் பங்கிருக்கலாம். காய்ச்சல் தொடர்ந்தால் அந்தப் பங்கு போதாது.

ஆலம் சுற்றுதல் (ஆரத்தி) கண்ணுக்கு அழகானது. மஞ்சள் நீரில் சிட்டிகை சுண்ணாம்பு கலந்ததும் அது இரத்தச் சிவப்பாகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரத்தன்மையுள்ள கரைசலில் சிவக்கும். பள்ளி ஆய்வகத்தில் மஞ்சள்தாளைக் கொண்டு காரத்தைக் கண்டறிவதும் இதே வினைதான். மரபுவழிக் குங்குமம் செய்வதிலும் மஞ்சள் இவ்வாறே சிவப்பாக்கப்படுகிறது. மணமக்களுக்கும் பிரசவமாகி வீடு வரும் தாய்க்கும் சுற்றியபின் ஆலம் வாசலில் கோலத்தருகே ஊற்றப்படும்.

கடைகளிலும் நிறுவனங்களிலும் அமாவாசை மாலையில் வெண்பூசணி உடைப்பது பரவலான வழக்கம். பூசணியில் துளையிட்டு உள்ளே குங்குமமும் சில்லறைக் காசும் போட்டு, மேலே கற்பூரம் ஏற்றிச் சுற்றி, வாசலில் போட்டு உடைப்பர். நடுச்சாலையில் கிடக்கும் பூசணிச் சதை இருசக்கர வண்டிகளைச் சறுக்கவைக்கும். ஆயுத பூசை தோறும் காவல்துறை இதை வேண்டாமென்று கேட்டுக்கொள்வதும், மறுநாள் காலை சாலைகள் பூசணியால் வழுக்குவதும் மாறவில்லை. ஒரு கடையின் கண்ணேறு வழிப்போக்கரின் முழங்காலில் போய் முடிவதை எந்த மரபும் கேட்கவில்லை. ஓரமாக உடைத்து, அள்ளிப் போட்டுவிடலாம்.

வாசல் நிலைக்கு மேல் கட்டும் பொருள்களில் ஆகாச கருடன் கிழங்கு வியப்பானது. மண்ணும் நீரும் இன்றிக் கயிற்றில் தொங்கியபடியே துளிர்விடும். தன்னிடம் சேர்த்துவைத்த நீரிலும் மாவுச்சத்திலும் அது தளிர்க்கிறது. தலைகீழாகக் கட்டிய சோற்றுக்கற்றாழையும் இப்படியே நெடுநாள் தாங்கும். வாடாமல் நிற்கும்வரை வீட்டுக்கு நல்லது, வாடினால் கண்ணேறை அது வாங்கிக்கொண்டது என்பர். கறுப்புக் கயிற்றில் கட்டும் படிகாரத்தை நெசவூர்க்காரர் வேறு வகையிலும் அறிவர். இயற்கைச் சாயம் துணியில் ஒட்டி நிற்கப் பயன்படும் நிறம்பற்றி அதுவே. கலங்கிய நீரைத் தெளியவைப்பதும் அதுவே.

வசம்பு: தொட்டிலிலும் சேலைப் பெட்டியிலும்

வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றொரு பெயர். இரவில் பெயர் சொல்லக்கூடாது என்பதால் 'பேர் சொல்லா மருந்து' என்றும் சொல்வர். துண்டுகளைக் கோத்துக் குழந்தையின் கையில் கட்டுவர். சுட்ட வசம்பை உரைத்து வயிற்றில் தடவுவர், நாக்கிலும் வைப்பர். கண்ணேறு, வயிற்றுப் பொருமல், பூச்சி மூன்றுக்கும் அது ஒரே மருந்து.

இதே வசம்பைப் பட்டுச் சேலைப் பெட்டியிலும் போடுவார்கள். பட்டு புரத இழை என்பதால் அரிக்கும் பூச்சிகளுக்கு அது உணவு. வசம்பின் எண்ணெய் பூச்சிகளை விலக்கும் என்பது சோதனைகளிலும் தெரியவந்த செய்தி. நாப்தலீன் உருண்டை வருமுன் வசம்பும் காய்ந்த வேப்பிலையுமே துணிப்பெட்டியின் காவல். வசம்பை மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து வைப்பது நல்லது. நேராக வைத்தால் சேலையில் தழும்பு படியலாம்.

சேலைக்கு நல்லதான அந்த எண்ணெயே குழந்தைக்குக் கவலை தருவது. அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் விலங்குச் சோதனைகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968-இல் வசம்பை உணவில் சேர்ப்பது தடைசெய்யப்பட்டது. எல்லா வசம்பிலும் அது ஒரே அளவில் இல்லை. இந்திய வகைகளில் மிகுதி. கையில் கட்டுவதும் வாயில் வைப்பதும் ஒன்றல்ல. கட்டிய துண்டையும் குழந்தை வாயில் வைக்கும் என்பதைத் தாய்மார்கள் அறிவர்.

பட்டும் மடியும்

பட்டே ஒரு தூய்மைப் பொருளாகக் கருதப்படுகிறது. பருத்தி ஆடையை அன்றன்று துவைத்து உலர்த்தினால்தான் 'மடி'. பட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, எளிதில் தீட்டுப் படாது என்பது ஆசார நூல்வழி வந்த கருத்து. எனவேதான் பூசைக்கும் திருமணத்துக்கும் சிராத்தத்துக்கும் பட்டு. இதற்கு எதிர்க்குரலும் மரபுக்குள்ளிருந்தே எழுந்தது. கூட்டுப்புழுக்களைக் கொதிநீரிலிட்டுக் கொன்று எடுக்கும் இழை எப்படித் தூயதாகும் என்ற எண்ணத்தில், காஞ்சி சங்கராச்சாரியாராக இருந்த சந்திரசேகரேந்திர சரசுவதி பட்டைத் தவிர்க்குமாறு வற்புறுத்தினார். காஞ்சிபுரமும் ஆரணியும் பட்டால் வாழும் ஊர்கள் என்பதை நினைத்தால் இது எளிய வேண்டுகோள் அன்று. திருமணச் சந்தை அதைப் பெரிதாகக் கேட்கவில்லை.

தறியில் இருக்கும்வரை சேலையில் ஒரு புள்ளியும் விழாமல் நெசவாளர் காக்கிறார். சேலையை அறுத்து, மடித்து, கடைக்குப் போய், வாங்கியவரின் வீடு சேர்ந்ததும் முதலில் நடப்பது வேறு. புத்தாடையை அப்படியே உடுத்தமாட்டார்கள். பூசையில் வைத்து, நனைத்த மஞ்சளை விரல்நுனியில் எடுத்து, முந்தானையின் ஒரு மூலையில் சிறிதாகத் தடவிய பின்னரே உடுத்துவர். குழந்தையின் கன்னத்தில் வைக்கும் மைப்பொட்டுக்கும் இதே காரணந்தான். குறையில்லாத பொருள் கண்படும். ஆரணிச் சேலை விலைபோவது கறையின்மையால். உடுத்துபவர் அதைத் தனதாக்கிக்கொள்வது அந்த மஞ்சள் கறையால். அது பெரும்பாலும் கொசுவத்தின் உள்ளேயோ தோளின் பின்னாலோ மறைந்து, நாலைந்து முறை வெயில் பட்டதும் மங்கிவிடும்.